ராகு காலத்தில் படித்த பத்திரம்

பத்திரம் எழுதுகிற நம் தொழிலில் ராகு காலம் என்பது கூலியில்லாத ஓய்வு. வெள்ளிக்கிழமை என்றால் பத்தரை மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நிற்கிற கூட்டம் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடும். வாங்குகிறவன், விற்கிறவன், சாட்சி, புரோக்கர் எல்லோரும் பன்னிரண்டு ஆகட்டும் என்று நிழலில் நிற்பார்கள். உள்ளே அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். பன்னிரண்டு ஆனதும் அத்தனை பேரும் ஒரே கதவில் நுழையப் பார்ப்பார்கள். இப்போது டோக்கன் வந்துவிட்டது, தள்ளுமுள்ளு குறைந்திருக்கிறது. ஆனால் டோக்கனையும் ராகு காலம் பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய அனுபவம் ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று இப்போது பத்திரக் கடைகளில் இருக்கிற நீங்கள் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது அப்படியொரு வெள்ளிக்கிழமைதான். பத்திரம் எப்படி எழுதுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. பேரை மாற்றினால் பத்திரம் வந்துவிடுகிறது. பேரை மாற்றினால் வந்துவிடுகிறது என்பதுதான் நான் சொல்லவந்த சங்கதியும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. லாரியில் கிளீனராக இருந்தேன், செங்கல் சூளையில் இருந்தேன், ஓட்டலில் மேசை துடைத்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆரணிப் பக்கம் ஒருவர் பத்திரக் கடையில் உட்காரவைத்தார். அன்றிலிருந்து இதுதான் பிழைப்பு. எனக்கு லைசென்ஸ் கடைசிவரை கிடையாது. எழுதுவது நான், கீழே கையெழுத்துப் போடுவது லைசென்ஸ்காரர். ஓர் ஊரில் ஒன்றிரண்டு வருஷம் இருப்பேன். பிறகு கால் நிற்காது, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர். இடையில் பஸ் ஸ்டாண்டில் படுத்ததும் உண்டு. எத்தனையோ பேருடைய வீட்டுக்கு நான்கு எல்லையும் எழுதினேன். எனக்கென்று எழுதிக்கொள்ள ஒன்றும் அமையவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆரணியில் ஒரு நாள் ஒரு பெரியவர் கைநாட்டு வைத்துவிட்டு, விரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே, “இப்ப நான் வெச்சது எதுக்குப்பா?” என்று கேட்டார். “உங்க நிலத்தை வித்திருக்கீங்க” என்றேன். “சரி சரி” என்று தலையாட்டினார். பிறகு டீக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டார். அந்தப் பத்திரத்தின் கடைசியில், வழக்கம்போல, படித்துக் காட்டக் கேட்டுச் சம்மதித்துக் கைநாட்டு வைத்ததாக நானேதான் எழுதியிருந்தேன். படித்தும் காட்டினேன். நாம் எப்படிப் படிப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தத்தில் நிற்காத பஸ் மாதிரி. கேட்கிறவனுக்குத் தன் பேர் மட்டும் காதில் விழும்.

1991-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் இன்றைக்கு இருக்கிற எதுவும் அன்று இல்லை. சவுக்குத் தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையும்தான். ஆனால் மெட்ராஸ்காரர்கள் மனை வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அங்கங்கே கம்பெனிகளும் இருந்தன. தகரம் போட்ட ஒரு கடையில் சேர்ந்தேன். என் முதலாளியின் பேரைப் போடவில்லை. அவருடைய பேரன்கள் இதே தெருவில் கடை வைத்திருக்கிறார்கள். அவருக்கு மூச்சிரைப்பு. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபடியேதான் கடையை நடத்துவார். தூங்குகிறார் என்று நினைத்து யாராவது ஏதாவது சொன்னால் மாட்டிக்கொள்வார்கள்.

அந்த வெற்று நேரத்திலும் எங்களுக்குச் சில பார்ட்டிகள் வருவார்கள். சுற்றுக் கிராமங்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்களுக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. கூட்டமில்லாத நேரத்தில் வந்து சட்டென்று முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். “உன் ராகு கால பார்ட்டி வந்தாச்சு, எழுந்திரு” என்பார் முதலாளி.

அந்த வெள்ளிக்கிழமை அப்படித்தான் மூன்று பேர் வந்தார்கள். இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். தாய் ஞானம்மா, மகன் அந்தோணி, மகள் லூர்து மேரி. கூடவே இரண்டு சாட்சிகள். ஒருவர் தெருக்காரர், இன்னொருவர் அந்தோணியோடு கம்பெனியில் வேலை செய்கிறவர். அந்தோணியின் அப்பா உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் வாங்கிய மனையும் அதிலிருந்த ஓட்டு வீடும் தாய், மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்ட அந்தோணிக்கு ஆசை. கம்பெனியில் வீட்டுக் கடன் கொடுக்கிறார்கள். ஆனால் மனை முழுக்க அவன் பேரில் வில்லங்கமில்லாமல் இருக்க வேண்டும், பத்திரத்தைத் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆகவே தாயும் தங்கையும் தங்கள் பாகத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வந்திருந்தார்கள். நமக்கு மாதத்தில் பத்து வருகிற பத்திரம்.

முந்தின நாளே அந்தோணி வந்து விவரம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வைத்திருந்தேன். பெயர் விலாசம் சரிபார்க்கும்போது மேரியிடம் தொழில் கேட்டேன்.

“பின்னால ரூம்ல தைக்கறேன் சார். ஸ்கூல் யூனிபார்ம்.”

“வீட்டுக்காரர்?”

“பம்பாய்ல கீறாரு” என்றாள்.

“பம்பாய்ல கீறாருன்னு நம்பறோம்” என்றாள் தாய்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்த வீட்டின் பின்பக்க அறையில்தான் அவள் இருக்கிறாள், தைக்கிறாள், அதுதான் அவளுடைய சோறு என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு படிக்க ஆரம்பித்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வேறு எந்த நேரமாக இருந்தாலும் நான் அந்தப் பத்திரத்தை மற்றப் பத்திரங்களைப் போலவே முணுமுணுத்துத் தள்ளியிருப்பேன். அன்றைக்குக் கடையில் வேறு ஆள் இல்லை, பின்னால் நின்று யாரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்துவந்திருந்தேன், வேகமாகப் படிக்க மூச்சும் இல்லை. மெதுவாகப் படித்தேன். பெரிய ஞானம் எதுவும் கிடையாது, அவ்வளவுதான்.

பெண்கள் விட்டுக்கொடுக்கிற பத்திரத்தில் ஒரு வரி வரும். எனக்கு முந்தியவர்கள் எழுதினார்கள், நான் எழுதினேன், இன்று உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ‘எனக்குச் சேர வேண்டிய பாகத்துக்கு ஈடாக என் திருமண காலத்தில் நகையாகவும் சீர்வரிசையாகவும் பெற்றுக்கொண்டுவிட்டபடியால், இனி மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.’ அந்த வரியைத் தாண்டி நான் அடுத்ததற்குப் போனபோது மேரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இன்னொரு வாட்டி படி சார்.”

படித்தேன்.

“நான் எங்க வாங்கினேன்?” என்றாள்.

அந்தோணி சிரித்தான். “அது சும்மா எழுதறது மேரி. எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதுவாங்க.”

“எல்லாருக்கும் எழுதட்டும். நான் வாங்கலையே.”

கம்பெனிக்காரச் சாட்சி, “இப்ப வாங்கலன்னு சொன்னா நகை போடவா போறாங்க? எனக்கு செகண்ட் ஷிப்ட் கீதும்மா, சீக்கிரம் போடு” என்றார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை.

“போட்டது என் கழுத்துல இருந்த ஒரு செயினு” என்றாள் ஞானம்மா, என்னைப் பார்த்து. “அதையும் இவன் ஐ.டி.ஐ. சேரணும்னு போய் நான்தான் திருப்பி வாங்கியாந்தேன். அதுக்குத்தான் அவ மாமியா வூட்ல மொத சண்டை.”

“அத இப்ப இன்னாத்துக்கும்மா எடுக்கற” என்றான் அந்தோணி.

“வாங்கினா வாங்கினான்னு சொன்னா, திருப்பிக் குடுத்ததையும் சொல்லணுமில்ல.”

முதலாளி கண்ணைத் திறக்காமலே பேசினார். “யோவ், அந்த வரிய அடிச்சிட்டு ஓரத்துல கையெழுத்து வாங்கு. அன்பினிமித்தம்னு போடு. பன்னெண்டு அடிக்கறதுக்குள்ள உள்ள அனுப்பு.”

மேரியும் உடனே, “ஆமா சார். அந்த வரிய எடுத்துட்டா போட்டுடறேன். பொய்க்குக் கீழ கையெழுத்துப் போட மாட்டேன், அவ்ளோதான்” என்றாள்.

பேனா என் கையில் இருந்தது. ஒரு கோடு கிழித்தால் வேலை முடிந்தது. எல்லோருக்கும் சம்மதம். எழுதிக்கொடுக்கிறவளே அடிக்கச் சொல்கிறாள்.

தம்பிகளே, தங்கைகளே, நம் வேலையில் யோசிக்க நேரம் கிடைக்காது. கிடைக்கிற நேரத்தில் நாம் எழுத்துப்பிழைதான் பார்ப்போம். அந்தச் சில விநாடியில் எனக்குத் தோன்றியது இதுதான். அவளுக்குச் சண்டை அந்த வரியோடு. பத்திரத்தோடு அல்ல. வரியை எடுத்துவிட்டால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். போட்ட நிமிஷத்தில் அந்தப் பின் ரூம் அவளுடையதல்ல. அந்தப் பொய் ஒன்றுதான் அப்போது அவள் ரூமுக்குப் பூட்டாக இருந்தது. பூட்டை உடைக்க என்னையே கூப்பிடுகிறார்கள்.

அடிக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் லைசென்ஸ் இல்லாதவன், கூலிக்கு எழுதுகிறவன். எனக்குக் கூலி கொடுப்பவன் அந்தோணி. அவளிடம் தனியாகப் போய் ‘போடாதே’ என்று சொன்னால் ஒரு குடும்பத்துக்குள் தீ வைத்தவன் ஆவேன். ஆனால் கேள்வி கேட்கலாம். பத்திரம் எழுதுகிறவன் கேட்டுத்தானே எழுத வேண்டும்.

“அடிச்சிடலாம்மா” என்றேன். “ஆனா அந்த இடத்துல வேற ஒரு காரணம் எழுதணும். நீ எதுக்காகக் குடுக்கறேன்னு எழுதட்டும்?”

“அன்புன்னு எழுதுங்க சார், அவர்தான் சொல்லிட்டாரே” என்றான் அந்தோணி.

“எழுதிக்குடுக்கறது அவங்க. அவங்க சொல்லட்டும்.”

மேரி கொஞ்ச நேரம் ஸ்டாம்ப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

“அன்பு இல்லாம இல்ல. ஆனா அதுக்காகக் குடுக்கல. புது வூடு கட்டினாலும் பின்னால எனக்கு ஒரு ரூம் விடறேன், சாவற வரைக்கும் இருன்னு சொன்னான். அதுக்காகத்தான் குடுக்கறேன். அத எழுது சார்.”

வெளியே டீக்கடையில் யாரோ பெஞ்சை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

“அத எப்பிடி எழுதறது” என்றான் அந்தோணி. குரல் மாறிவிட்டது. “அப்பிடி எழுதினா கம்பெனில லோன் தர மாட்டான் சார். வேற ஆளுக்கு உரிமை கீதுன்னு திருப்பிடுவான். நான் வாயால சொன்னா பத்தாதா? கூடப் பொறந்தவள ரோட்டுலயா தள்ளுவேன்?”

“தள்ளுவேன்னு நான் சொல்லலியே” என்றாள் மேரி. “சொன்னதத்தானே எழுதச் சொல்றேன்.”

நீங்கள் அந்தோணியை மோசமானவன் என்று நினைத்துவிடக் கூடாது. நான் அன்றும் நினைக்கவில்லை. அவன் நல்லவன், வாக்குக் கொடுத்தது மனதார. கெட்டவன் இப்படியெல்லாம் சிக்கிக்கொள்ள மாட்டான். கெட்டவனுக்கு வாக்கை நிறைவேற்றுகிற எண்ணமே கிடையாது, எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்பான். ஆனால் பத்திரம் என்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்காக எழுதுவதல்ல. அவனுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்காக எழுதுவது. அந்தோணிக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. நாளைக்கு வருகிற மனைவி, அவளுடைய அண்ணன், வளர்கிற பிள்ளைகள், கடன் கொடுத்த கம்பெனி. இவர்கள் யாரும் அந்த வாக்கைக் கேட்டிருக்கப்போவதில்லை.

ஞானம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அப்ப வூட்ட ரெண்டா எழுது” என்றாள்.

முதலாளி கண்ணைத் திறந்தார்.

“முன்னால அவனுக்கு, பின்னால அவளுக்கு. என் பங்கை ரெண்டு பேருக்கும் வுட்டுட்றேன். அவன் முன்னால இருக்கறத வெச்சு லோன் வாங்கட்டும். நான் எங்கயாவது ஒரு மூலைல கெடக்கறேன்.”

“பாகப் பிரிவினை” என்றார் முதலாளி. எழுந்து உட்கார்ந்துவிட்டார். மனுஷன் கோபக்காரர், ஆனால் தொழில் தெரிந்தவர். “பண்ணலாம். முன்பக்கம் தம்பி பேர்ல சுத்தமா வந்துடும். ஆனா பின்னால இருக்கற ரூமுக்குத் தெருவுக்கு வர வழி எழுதணும். வழி எழுதாத ரூம் கெணறு மாதிரி. உள்ள போனவன் வெளிய வரணும்னா அடுத்தவன் கயிறு போடணும். அளந்து எல்லை போட்டுக் கொண்டாங்க. இன்னைக்கு முடியாது.”

“இன்னைக்குத்தான் சார் லீவு. திங்கக்கெழம கடைசி” என்றான் அந்தோணி. என் பக்கம் திரும்பினான். “ஒழுங்கா எழுதியிருந்தது சார். நீ படிக்காம இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்.”

அது நியாயமான பேச்சு.

பன்னிரண்டு ஆகிவிட்டது. டீக்கடை நிழலில் இருந்தவர்கள் சாலையைக் கடந்து வர ஆரம்பித்தார்கள். அந்தோணி மூலப் பத்திரத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, தாயையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு, எங்கள் கடையிலிருந்து நான்காவது கடைக்குள் போனான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கடைக்காரர் எவ்வளவு வேகமாக எழுதுவார் என்று தெரு முழுக்கத் தெரியும்.

“போச்சா?” என்றார் முதலாளி. “ஸ்டாம்ப் பேப்பரும் பாழு, பார்ட்டியும் போச்சு. இனிமே நீ எழுது, நான் படிச்சிக்கறேன்.”

அதற்குள் எங்கள் கடையும் நிரம்பிவிட்டது. ஒரு கிரயம், ஒரு அடமானம், ஒரு பவர் பத்திரம். சாயங்காலம்வரை தலை நிமிரவில்லை. இடையில் எட்டிப் பார்த்தபோது நான்காவது கடை பெஞ்சில் ஞானம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அடுத்த முறை பார்த்தபோது அவளும் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். களைப்பாக இருந்தது. ஊர் ஊராக எத்தனையோ ரூம்கள் என் பேனா வழியாகவே போயிருக்கின்றன. இது வேறொருவர் பேனா வழியாகப் போயிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அதே வெற்று நேரத்தில், மூன்று பேரும் வந்து நின்றார்கள். அந்தோணி என் முகத்தைப் பார்க்கவில்லை. மேரிதான் சொன்னாள்.

“அந்தக் கடைல படிச்சிக் காட்டச் சொன்னேன் சார். அவரும் படிச்சாரு. ஒண்ணும் புரியல. மெதுவாப் படின்னு சொன்னேன். கூட்டமா கீது, இப்பல்லாம் அப்பிடி படிக்க முடியாதுன்னாரு. அப்ப நான் போட முடியாதுன்னு எழுந்து வந்துட்டேன்.”

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டினே வந்தான்” என்றாள் ஞானம்மா. “அப்பறம் அவனே டேப்பு வாங்கியாந்து அளந்தான்.”

அந்தோணி மடித்த காகிதத்தை மேசையில் வைத்தான். பென்சிலில் வீட்டின் படம் போட்டு அளவு குறித்திருந்தான், ஐ.டி.ஐ. படித்த பையன் என்று பார்த்ததுமே தெரிந்தது. “மூணு அடி வழி வுட்டிருக்கேன். போதுமா கேளுங்க” என்றான், தங்கை பக்கத்திலேயே நிற்கும்போது.

“மிஷின் போவுமா?” என்று கேட்டாள் மேரி.

“தாராளமா போவும்.”

“மிஷின் போவும், நான் போவ மாட்டேன்” என்றாள் ஞானம்மா. “நான் அவ ரூம்லதான் சாவப்போறேன். பொட்டிய ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சினு வர்ற மாதிரி வுடு. உங்கப்பன தூக்கினு போனப்பவே செவுத்துல இடிச்சானுங்க.”

அந்தோணி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான். காகிதத்தை எடுத்து மூன்றை அடித்துவிட்டு ஐந்து என்று போட்டான். அந்த ஐந்து அடியையும், அது என்றென்றைக்கும் அடைக்கக் கூடாத வழி என்பதையும் நான் எழுதினேன். முதலாளியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தார். மூச்சிரைப்புக்காரர், அவரால் மெதுவாகத்தான் படிக்க முடியும்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் சொல்லவில்லை. கடன் தாமதமாகத்தான் கிடைத்தது, மனை சிறியதானதால் அதுவும் குறைந்தது. மாடி வரவில்லை. அந்தோணி நினைத்த வீடு அதுவல்ல. கடைத்தெருவில் என்னை எதிரே பார்த்தால் சைக்கிளை ஓரமாகத் திருப்பிக்கொண்டு போவான். தங்கையோடும் பேச்சு நின்றுபோனதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கடைக்குப் போனால் வீட்டை இரண்டாக்கிவிடுவான் என்று ஒரு பேரும் எனக்கு வந்தது. சில மாதங்களில் முதலாளி, “நீ வேற எடம் பாரேன்யா” என்றார், கோபமில்லாமல். பெட்டியைத் தூக்கினேன். கொஞ்ச நாள் சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதினேன், பிறகு வேறு ஊர்கள்.

கம்பெனிகள் வந்து, மனை விலை ஏறி, பத்திரம் எழுத ஆள் போதவில்லை என்று ஆனபோது திரும்பிவந்தேன். அந்த முதலாளி அப்போது இல்லை. வேறொரு கடை, கம்ப்யூட்டர் வைத்த கடை. எனக்கு வேலை, அடித்ததைச் சரிபார்ப்பது. வேலையை விடும்வரை அங்கேதான் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும். தடிமனான கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் ஓர் இளம்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான், “நீ இன்னும் மெதுவாத்தான் படிக்கறியா சார்?” என்று கேட்டாள். லூர்து மேரி. கூட வந்தது அந்தோணியின் மகள் ஸ்டெல்லா. அந்தோணி உள்ளே வரவில்லை. தலை நரைத்துப்போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான்.

“அம்மா?” என்றேன்.

“போய்ச் சேந்துட்டாங்க. எங்கயும் இடிக்காம எடுத்துனு போனாங்க சார்.”

பின் ரூமை ஸ்டெல்லாவின் பேருக்கு எழுதிவைக்க வந்திருந்தாள், தன் ஆயுள்வரை தானே இருந்து அனுபவிக்கிற உரிமையோடு. அந்த உரிமையை நான் கேட்பதற்கு முன்பே அவளே சொன்னாள். அண்ணன் பேசாமல் இருந்த வருஷங்களிலும் அந்தப் பிள்ளை அந்த ஐந்து அடி வழியில் நடந்து அத்தையிடம் வந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

கம்ப்யூட்டரில் பத்திரம் தயாராக இருந்தது. ‘தங்கள்பேரில் எனக்குள்ள அன்பினிமித்தமும் வாஞ்சையினிமித்தமும்’ என்று அந்த வரியும் தானாகவே வந்து நின்றது. அடித்துக்கொண்டிருந்த பெண் உங்களில் ஒருத்திதான், பேர் சொல்லவில்லை. அந்த வரியை எடு என்றேன். எடுத்துவிட்டு வெறும் இடத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் மேரியைப் பார்த்தோம்.

“எதுக்காகக் குடுக்கறேன்னு எழுதட்டும்மா?”

இந்த முறை அவள் யோசிக்கவில்லை. “எனக்குக் கண்ணு செரியா தெரியல சார். காலைல காலேஜ் போறதுக்கு முன்னால ஊசி எல்லாத்துலயும் நூல் கோத்து, துணில குத்தி வெச்சிட்டுத்தான் போவா. ஒரு நாள் தவறினதில்ல. அத எழுது.”

அப்படியே எழுதச் சொன்னேன். அச்சடித்து வந்ததும் வாங்கிப் படித்தேன். ‘என் கண்பார்வை குறைந்த நாள் முதலாக நாள்தோறும் எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்து என் தொழில் நடந்துவர உதவிவருகிறபடியால்’ என்கிற இடத்துக்கு வந்தபோது படிக்கட்டிலிருந்து குரல் கேட்டது.

“இன்னொரு வாட்டி படி சார்” என்றான் அந்தோணி.

படித்தேன். பன்னிரண்டு ஆக இன்னும் நேரம் இருந்தது.